திருகுப் பொம்மைக்கு என் உடம்பு வந்த கதை

கரண்ட் போன ஒரு ராத்திரி, தண்ணீர் குடிக்க எழுந்த என் வீட்டுக்காரர், ஹாலில் தலையில்லாத பொம்பளை ஒருத்தி நிற்கிறாள் என்று போட்ட சத்தத்தில் கீழ் மாடி பர்மாக்காரப் பாட்டி டார்ச் எடுத்துக்கொண்டு படியேறி வந்துவிட்டார். மறுநாளிலிருந்து ராத்திரியில் அவளுக்கு ஒரு துப்பட்டா போர்த்திவிடுகிறோம். போர்த்தினால் இன்னும் பயமாக இருக்கிறது என்பது அவர் கட்சி.

அந்தத் தலையில்லாதவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். திருகு வைத்த தையல் பொம்மை. கடைக்காரர்கள் டம்மி என்பார்கள். கழுத்திலிருந்து தொடைக்குச் சற்று மேல் வரைக்கும் பிளாஸ்டிக் உடம்பு, அதன் மேல் மெல்லிய ஸ்பாஞ்ச், அதற்கும் மேல் சிவப்புத் துணி. உடம்பு நெட்டுக்கு நாலாகவும், இடுப்பில் குறுக்கே இரண்டாகவும் வெட்டுப்பட்டிருக்கும். மார்பில் நாலு, இடுப்பில் நாலு, சீட்டில், அதாவது பின்பக்கச் சுற்றில், நாலு என்று பன்னிரண்டு திருகு. கழுத்துக்குத் தனியாக ஒன்று. திருகத் திருகத் துண்டுகள் விலகிச் சுற்றளவு கூடும். கீழே உயரத்தை ஏற்றி இறக்க ஒரு கம்பி, நிற்க நாலு கால். பெட்டியில் மார்புச் சுற்று 35 முதல் 41 அங்குலம் வரை என்று போட்டிருந்தது. நான் கொடுத்த விலை பர்மாப் பணத்தில் 2,80,000 கியாட். அது எட்டு மாதத்துக்கு முன். இன்றைக்கு என்ன சொல்வார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் யாங்கூனில், அதாவது பழைய ரங்கூனில், காலையில் கேட்ட விலை சாயங்காலம் இருப்பதில்லை. கடையின் பெயரையும் போடப்போவதில்லை. ஏன் என்பது பின்னால் வரும்.

நான் டைலர் இல்லை. முப்பது வருஷமாக வீட்டுக்கும், சொந்தக்காரர்களுக்கும், காளியம்மன் கோவில் பக்கத்து நாலைந்து வீட்டுக்கும் தைக்கிறேன், அவ்வளவுதான். மிஷின் தாத்தாவுடையது, சிங்கர் கால் மிஷின். முகல் தெருவில் அவருக்குத் தையல் கடை இருந்தது. தெருவுக்கு ஷ்வேபொந்தா என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் எங்கள் வீட்டில் முகல் தெருதான். 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டபோது சொந்தத்தில் பாதிப் பேர் மெட்ராசுக்குக் கப்பலேறினார்கள். மிஷினும் நாங்களும் இங்கேயே நின்றுவிட்டோம். கரண்ட் முறை வைத்து வந்து போகிற ஊரில் காலால் மிதிக்கிற மிஷின்தான் ராணி. பொம்மைக்கும் கரண்ட் வேண்டாம் என்பதை முதல் நல்ல குணமாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஊருக்கெல்லாம் அளவெடுக்கலாம், தன் முதுகைத் தானே அளக்க முடியுமா? மகள் இருந்தவரைக்கும் அவள் எனக்குக் குண்டூசி குத்திக் கொடுப்பாள். அவள் பாங்காக்குக்கு வேலைக்குப் போனபிறகு ஆளில்லை. வீட்டுக்காரரிடம் ஒருமுறை ஊசி டப்பாவைக் கொடுத்தேன். துணியை விட்டுவிட்டு என்னைக் குத்தினார். அதன் பிறகு பிளவுஸை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பது, கழற்றுவது, குத்துமதிப்பாகப் பிடிப்பது, மறுபடி மாட்டுவது என்று ஒரு பிளவுஸுக்கு எட்டு முறை கொக்கி போட்டுக் கழற்றுவேன்.

அப்படியும் ஓட்டியிருப்பேன். பொம்மை வாங்க வைத்தது ஒரு தமெய்ன். தம்பி மகனுக்குப் பர்மாக்காரப் பெண். சம்பந்தி வீட்டில், மாப்பிள்ளைக்கு அத்தை என்ற முறையில் எனக்கு ஒரு அச்செய்க் பட்டு வைத்துக் கொடுத்தார்கள். தமெய்ன் என்பது இங்கே பெண்கள் உடுத்துகிற லுங்கி. அச்செய்க் என்பது மாண்டலேயை ஒட்டிய அமரபுராவில் நெய்கிற பட்டு. அலை அலையாகக் கோலம் குறுக்கே ஓடும். அதில் உசத்தியானதை லுன்தயா என்பார்கள். நூறு நாடா என்று அர்த்தம், தறியில் நூலை ஓட்டுகிற நாடா. நிறத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன நாடாக்களைக் கையால் கோத்துக் கோத்து அந்த அலையைக் கொண்டுவருவார்கள். அந்தத் துணியில் கத்திரி வைக்க யாருக்குத்தான் கை வரும்?

அந்தக் காலப் பெண்கள் தமெய்னை வெட்டுவதில்லை. மேலே ஒரு கறுப்புத் துணிப் பட்டை வைத்துத் தைத்து, சுற்றி, மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்கள். இப்போது டாட் பிடித்து, அதாவது துணியைக் கூராக மடித்துத் தைத்து, கொக்கியோ ஜிப்போ வைத்து, உடம்போடு ஒட்டத் தைக்கிறார்கள். மேலே யின்போன் என்கிற சட்டை போட்டால் பட்டன் பக்கவாட்டில் வரும், யின்ஸி என்கிற சட்டை போட்டால் நடுவில் வரும். சேலை என்றால் முந்தானை எதையாவது மறைத்துக் கொடுக்கும். இந்த உடுப்பில் மறைக்க ஒன்றும் இல்லை, கால் அங்குலம் தப்பினாலும் வயிறு வந்து சாட்சி சொல்லும்.

சரி, பொம்மைக்கு வருகிறேன். கடைப் பையன் “அமா, அமா” என்று கூப்பிட்டே என்னை உருக்கிவிட்டான். பர்மிய மொழியில் அது அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தும் தமிழ்க் காதில் அது அம்மா என்றுதான் விழுகிறது. பிள்ளை அம்மா என்று கூப்பிடும்போது பேரம் பேச வாய் வருமா? பத்தாயிரம் குறைத்தான், அதையும் சைக்காக்காரனுக்கு, அதாவது சைக்கிள் ரிக்‌ஷாக்காரனுக்கு, வாங்கிக் கொடுத்துவிட்டான். நாங்கள் இருப்பது நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இந்த ஊரில் பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறும் நுனியில் கிளிப்பும் தொங்கும். பேப்பர், நூல்கண்டு, கொத்தமல்லி எல்லாம் அதில் மேலே வரும். பொம்மை வராது. வீட்டுக்காரர் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அவர் அவளைப் பிறகு பார்த்துப் பயந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

அன்றைக்கே டேப்பை எடுத்து என் அளவுக்குத் திருகினேன். மார்பு 38½, இடுப்பு 35, சீட் 41. பன்னிரண்டு திருகையும் சரிசமமாகத் திருக அரை மணி நேரம் ஆனது. ஒன்றை மட்டும் அதிகம் திருகினால் பொம்மை ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். முடித்தபோது டேப்பில் எல்லாம் அச்சாக என் எண். நானே ஹாலில் நிற்கிற மாதிரி ஒரு பூரிப்பு. அந்தப் பூரிப்பிலேயே ஒரு காட்டன் பிளவுஸை அவள் மேல் வைத்துக் குத்தி, வெட்டி, தைத்தும் முடித்தேன். பொம்மைக்கு அமர்க்களமாக இருந்தது. நான் போட்டால் முன்கழுத்து வாயைத் திறந்தது, தோள் இரண்டும் நழுவியது, மார்பு முனையிலிருந்து அக்குளுக்குச் சாய்வாக இரண்டு பக்கமும் சுருக்கம்.

ஒரு நாள் முழுக்க அந்தச் சுருக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துணியில் விழுகிற சுருக்கம் பொய் சொல்லாது. குறுக்கே நேர்க்கோடாக விழுந்தால் அந்த இடம் இறுக்கம். சாய்ந்து விழுந்தால், எந்த மேட்டைப் பார்த்துச் சாய்கிறதோ அந்த மேட்டுக்குத் துணி போதவில்லை. கழுத்து வாயைத் திறந்தால் மேல் மார்புக்குத் துணி அதிகம். என் பிளவுஸில் மேலே துணி மிச்சம், நடுவில் பற்றாக்குறை. காரணம் பிடிபட்டது. திருகினால் பொம்மை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விலகுகிறது. மார்பு பெருக்கும்போதே முதுகும் தோளும் சேர்ந்து அகலமாகின்றன. எனக்கு அப்படி இல்லையே! 38½ சுற்றில் ஒருத்திக்கு முதுகு 18, முன்பக்கம் 20½ இருக்கும். இன்னொருத்திக்கு முதுகு 16½, முன்பக்கம் 22. டேப்புக்கு இரண்டு பேரும் ஒன்று. பிளவுஸுக்கு இரண்டு பேரும் வேறு ஜாதி.

விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. திருகினால் நீங்கள், மறுபடி திருகினால் உங்கள் பெண் என்றுதான் சொல்கிறார்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் மார்புச் சுற்றை மறந்துவிட்டேன். அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே டேப்பைச் சுற்றினால் எனக்கு 35. பொம்மைக்கும் அந்த இடத்தில் 35 வரும்வரை திருகுகளை இறக்கினேன். இப்போது அவளுடைய மார்பு 36½-இல் நின்றது. இரண்டு அங்குலம் பாக்கி. அந்த இரண்டையும் முன்பக்கத்திலேயே வைக்க வேண்டும், முதுகுக்கு ஒரு நூல்கூடப் போகக் கூடாது. தோளும் மேல்முதுகும் சரியாக இருந்தால் பாதி பிளவுஸ் உட்கார்ந்த மாதிரி, ஏனென்றால் துணி தொங்குவது அங்கேயிருந்துதான். முன்பக்கத்தைக் கூட்டுவது சுலபம். தோளைத் திருத்துவது நரகம்.

பிறகு என் பழைய பிரா ஒன்றை அவளுக்கு மாட்டினேன். புதிதை மாட்டாதீர்கள், தினமும் எதைப் போடுகிறீர்களோ அதுதான் உங்கள் உருவம். தோளிலிருந்து மார்பு முனை வரைக்கும் எனக்கு 10½ அங்குலம், பொம்மைக்கு 9½. அவளுக்கு இருபது வயது, எனக்கு ஐம்பத்தேழு, வேறு என்ன. அந்த ஒரு அங்குலம் சின்ன சமாசாரம் இல்லை; டாட்டின் முனை ஒரு அங்குலம் மேலே போனால் பிளவுஸில் இல்லாத இடத்தில் ஒரு குமிழ் நிற்கும். அதனால் அடியில் பஞ்சைத் தடித்துப் போட்டு, அவளுடைய மேட்டை என் மேடு விழுங்கிவிடும்படி செய்தேன்.

பஞ்சை அள்ளித் திணித்தால் தலையணை மாதிரி கட்டி கட்டியாக நிற்கும். தெய்ஞ்ஜீ சந்தையில் மெத்தைக்கு வைக்கிற பாலியெஸ்டர் பஞ்சு, தாள் தாளாகக் கெஜக் கணக்கில் கிடைக்கிறது. அதை வட்ட வட்டமாக, ஒன்றைவிட ஒன்று அரை அங்குலம் பெரிதாக எடுத்துக்கொண்டு, சின்னது அடியிலும் பெரியது மேலேயுமாக அடுக்க வேண்டும். விளிம்பைக் கத்திரியால் வெட்டக் கூடாது. கையால் பிய்க்க வேண்டும். வெட்டின விளிம்பு படிக்கட்டு மாதிரி மேலே தெரியும், பிய்த்த விளிம்பு கரைந்துபோகும். மூன்று வட்டம் போட்டவுடன் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் 38½ வந்துவிட்டது. இடுப்பையும் அப்படியே 33-க்கு இறக்கி, வயிற்றுக்கு மட்டும் முன்னால் இரண்டு அங்குலம் வைத்தேன். பின்கழுத்துக்குக் கீழே பிறை மாதிரி ஒரு துண்டு, முப்பது வருஷம் மிஷினில் குனிந்ததற்கு.

தோள்தான் வேடிக்கை. என் வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறக்கம். பிளாஸ்டிக்கை இறக்க வழியில்லை. ஒரு வாரம் யோசித்தேன். கடைசியில் நாத்தனார் வெற்றிலை மென்றுகொண்டே, “வலதை ஏண்டி இறக்குகிறாய், இடதை ஏற்று” என்றார். பழைய கோட்டில் இருந்த தோள்பட்டைப் பஞ்சை உருவி இடது தோளில் ஊசி போட்டு நிறுத்தினேன். தீர்ந்தது.

இவ்வளவும் பஞ்சு வேலை. இதை இழுத்துப் பிடிக்க மேலே ஒரு உறை வேண்டும். இந்த வேலை தனியாக ஆகாது. மகள் இரண்டு வார லீவில் வந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். வெள்ளைக் காடாத்துணியில், கையில்லாமல், சீட்டுக்குக் கீழே வரைக்கும் வருகிற பிரின்சஸ் கட் சட்டை ஒன்றை, அதாவது டாட்டுக்குப் பதில் நெட்டுக்குத் தையல் ஓடுகிற சட்டையை, என் மேலேயே வைத்துக் குத்தி, பிரிக்கத் தோதாகக் கச்சாத் தையல் போட்டு, மறுபடி மாட்டி, பிரித்து, மறுபடி போட்டு, மூச்சுவிட இடமிருந்தால் போதும் என்கிற இறுக்கத்துக்குக் கொண்டுவந்தோம். முதுகில் ஜிப். நடு முன், நடு முதுகு, மார்புக் கோடு, இடுப்புக் கோடு, சீட் கோடு எல்லாவற்றையும் மார்க்கர் பேனாவால் போட்டாள். சீட் கோட்டை மட்டும் தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் ஒரே உயரத்தில் போடச் சொன்னேன். அது பின்னால் பெரிய உதவி. பிறகு அந்தச் சட்டையைப் பொம்மைக்கு மாட்டி, எங்கெல்லாம் துணி தொளதொளக்கிறதோ அங்கெல்லாம் உள்ளே கை விட்டுப் பஞ்சு வைத்தோம். கடைசிச் சுருக்கம் மறைந்தபோது மதியம் மூன்று மணி, கரண்ட் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

அந்தக் காடாச் சட்டைதான் உண்மையில் நான். பொம்மை அதற்கு ஊன்றி வைத்த கம்பு.

அதற்குப் பிறகு தைத்த பிளவுஸ்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமே. பேப்பர் கட்டிங்கில் முதுகைக் குறுக்கி, முன்பக்கத்தில் டாட்டை ஆழமாக்கி, துணியை உள்பக்கம் வெளியே வரும்படி பொம்மை மேல் போட்டு, எங்கே பிடிக்க வேண்டுமோ அங்கே ஊசி குத்தினேன். முன்கழுத்து இப்போது உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, குனிந்து கோலம் போட்டாலும் திறக்கவில்லை. பின்கழுத்தை எட்டு அங்குலம் இறக்கி வைத்தும் தோள் நழுவவில்லை. முன்பு எட்டு முறை மாட்டிக் கழற்றினது இப்போது இரண்டு முறை. அந்த இரண்டும் கைக்காக, ஏனென்றால் பொம்மைக்குக் கை கிடையாது.

கை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பிளவுஸ் அக்குளில் பிடித்தால் நம் கை தானாகக் கத்திரியை எடுத்து ஆர்ம்ஹோலை, அதாவது கை தைக்கிற வளைவை, இறக்கும். நானும் இருபது வருஷம் இறக்கிக்கொண்டிருந்தேன். இறக்க இறக்கக் கையைத் தூக்கினால் பிளவுஸ் முழுக்க மேலே ஏறிவந்தது. பொம்மை மேல் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, என் ஆர்ம்ஹோல் அக்குளிலிருந்து ஒன்றேகால் அங்குலம் கீழே கிடந்தது. அது உடம்பைவிட்டு இறங்க இறங்க, கை தூக்கும்போது பக்கத் தையலையும் சேர்த்து இழுக்கிறது. அதை அக்குளுக்கு அரை அங்குலம் கீழே வரைக்கும் மேலே ஏற்றி, கைத் துணியின் மேல்பாகத்தில் அகலம் கொடுத்தேன். இப்போது பஸ் கம்பியைப் பிடித்தால் வயிறு தெரிவதில்லை.

அச்செய்க்குக்கு வருவோம். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது துணியை எடுத்தேன். முதல் காரியமாக, பொம்மையின் உயரத்தை என் உயரத்துக்கு, செருப்பையும் சேர்த்து ஏற்றினேன். மகள் போட்ட சீட் கோட்டின் மேல் ஒரு அலையை வைத்துச் சுற்றிலும் ஊசி குத்திக்கொண்டே போனேன். அலை ஓடுகிற துணியில் இந்தக் கோடுதான் உயிர். அது அரை அங்குலம் சாய்ந்தால் நடக்கும்போது மொத்த உடுப்பும் நொண்டுகிற மாதிரி இருக்கும். குத்தி முடித்துப் பார்த்தால், மேலே இடுப்பில் துணி ஒரே உயரத்தில் இல்லை. முன்னால் வயிறு கொஞ்சம் வாங்கிக்கொண்டது, பின்னால் சீட் அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டது. சாதாரணப் பாவாடையாக இருந்தால் கீழே வெட்டிச் சமன் செய்வோம். கரையும் கோலமும் உள்ள துணியில் கீழே கை வைக்கக் கூடாது, எல்லாக் கணக்கையும் இடுப்பில்தான் தீர்க்க வேண்டும். கறுப்புப் பட்டையை அகலமாக வெட்டி, டாட்டெல்லாம் அந்தப் பட்டைக்குள்ளேயே முடியும்படி வைத்தேன். பட்டில் கத்திரி படவே இல்லை. பட்டையைப் பிரித்தால் நாளைக்கு மருமகள்கூடக் கட்டிக்கொள்ளலாம்.

கல்யாணத்தன்று சம்பந்தியம்மா என்னைச் சுற்றி வந்து பார்த்தார். “எந்தக் கடையில் தைத்தீர்கள்?” என்றார். நான் பொம்மையைப் பற்றிச் சொல்லவில்லை. தாத்தா மிஷின் என்று மட்டும் சொன்னேன்.

இனி குறைகள். நிறைய இருக்கின்றன.

துண்டுகளுக்கு நடுவே விழுகிற இடைவெளிதான் பெரிய தொல்லை. நடு முன்னும் நடு முதுகும்தான் நமக்கு ஊசி குத்த வேண்டிய இடம். சரியாக அங்கேயே பொம்மையில் பள்ளம். உறை போட்டதால் நான் தப்பித்தேன். மற்ற இடத்திலும் ஊசி நேராக இறங்காது, ஸ்பாஞ்சுக்கு அடியில் பிளாஸ்டிக். சாய்த்துக் குத்தித்தான் பழக வேண்டும். கால் நாலும் லேசு. பட்டுச் சேலையைப் போட்டு ஒரு பக்கம் இழுத்தால் அவளும் கூட வருவாள். அடியில் இரண்டு செங்கல்லைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் சிவப்புத் துணியின் சாயம் வெள்ளைக் காடாவில் உள்பக்கமாக ஏறிவிட்டது, நல்லவேளையாக வெளியே தெரியவில்லை. யாங்கூன் மழையில் பஞ்சும் ஈரம் பிடிக்கிறது. வெயில் தலைகாட்டுகிற நாளில் பால்கனிக்கு அவளைத் தூக்கிப்போய் நிறுத்துகிறேன். எதிர் வீட்டுக் குழந்தைகள் கை காட்டுகின்றன.

கழுத்துத் திருகைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு நாளும் தொடவில்லை.

மூன்றாம் மாதம் சீட் திருகு ஒன்று வழுக்கிவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் பல். தேய்ந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. கடைக்குப் போனேன். வாங்கும்போது அமா என்றவன் இப்போது அன்ட்டி என்றான். அதிகம் திருகிவிட்டீர்கள் அன்ட்டி, உதிரி பாகம் வராது அன்ட்டி, புதியது எடுத்தால் பார்த்துப் போடுகிறேன் அன்ட்டி. பெட்டியில் ஒரு வருஷம் கேரண்டி என்று எழுதியிருக்கிறதே என்றேன். அது சீனாவில் என்றான். பெயர் போடாததற்குக் காரணம் இதுதான். இதே ஜவாபு வேறு எந்தக் கடையிலும் வந்திருக்கும், அவனை மட்டும் சந்தியில் நிறுத்துவானேன். திரும்பி வந்து, வழுக்கின திருகின் இடைவெளியில் ஒரு மரத்துண்டைச் செருகி டேப் ஒட்டினேன். இன்றுவரை நிற்கிறது.

காசு செலவழிக்காமல் முடியாதா என்று கேட்பீர்கள். முடியும் என்றுதான் நானும் அதற்கு முந்தின ஏப்ரலில் நினைத்தேன். பழைய டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அதன் மேல் பெட்டி ஒட்டுகிற டேப்பைச் சுற்றி, முதுகில் வெட்டிக் கழற்றி, உள்ளே துணியை அடைத்தால் நம் அச்சு கிடைக்கும். மகள் சுற்றினாள். தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம், யாங்கூன் வெயில் உச்சத்தில், கரண்ட் இல்லை, ஃபேன் இல்லை. இடுப்பைத் தாண்டிச் சீட்டுக்குப் போவதற்குள் எனக்குக் கண் இருட்டிவிட்டது. வெட்டிக் கழற்றி எலுமிச்சைச் சாறு குடித்தேன். சுற்றின வரைக்கும் அடைத்துப் பார்த்தால், டேப்பின் கனம் சேர்ந்து என்னைவிட ஒரு அங்குலம் பெருத்திருந்தது. ஒரு மாதத்தில் அது தொய்ந்து குந்திவிட்டது. மார்கழியில் முயன்றிருந்தால் ஒருவேளை நன்றாக வந்திருக்கும்.

வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் கோணலானது. திருகுக்காக வாங்காதீர்கள். எட்டு மாதத்தில் பஞ்சு வைத்தபிறகு எனக்காக நான் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை, வழுக்கினதைத் தவிர. திருகில்லாத, உங்களைவிட ஒரு சுற்றுச் சின்னதான, ஊசி நேராக இறங்குகிற பொம்மை கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு பஞ்சு வையுங்கள். எனக்கு இந்த ஊரில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் நிற்கிற பளபளப்பு பொம்மையை மட்டும் மலிவு என்று தூக்கி வராதீர்கள், அதில் ஊசி இறங்காது. திருகுப் பொம்மைதான் கிடைக்கிறது என்றால், உங்கள் மேல் மார்பு அளவு பெட்டியில் போட்டிருக்கிற மிகச் சின்ன அளவுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் தடுமாறினால் சின்னதையே எடுங்கள். ஏற்றிக்கொள்ளலாம், செதுக்க முடியாது. தங்கள் மார்புக்கும் மேல் மார்புக்கும் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இல்லாதவர்களுக்குத் திருகினதே போதும், அவர்கள் கொடுத்து வைத்தவர்கள். வீட்டில் ஊசி குத்தப் பொறுமையான ஆள் ஒருவர் இருந்தால் இந்தக் காசுக்குத் துணி வாங்குங்கள்.

நாலு பேருக்குத் தைப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆளுக்கு ஒரு உறை. பஞ்சை உறைக்குள்ளேயே தைத்துவிட்டால் ஜிப்பைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். மகள் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் அவளுக்கும் ஒரு காடாச் சட்டை குத்தி வைத்துக்கொண்டேன். அவளுக்கு மேல் மார்பு 33, அதனால் பொம்மையைக் கடைசித் திருகு வரைக்கும் இறக்கியும் முதுகில் இழுக்கிறது. அதைத் தோளில் கொஞ்சம் விட்டுச் சரிக்கட்டுகிறேன். பாங்காக்கில் ஆபீசுக்குப் போட்டுக்கொள்ள இரண்டு வுன்ஸெட் கேட்டிருக்கிறாள். மேலும் கீழும் ஒரே துணியில் தைக்கிற ஜோடிக்கு அதுதான் பெயர். நாலு நாலு கெஜமாகத் துணி எடுத்துவிட்டேன், ஒன்று மயில் கழுத்து நிறம்.

போன வாரம் அவளுடைய உறையை மாட்டி, துப்பட்டா போர்த்தாமல் விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் ராத்திரி எழுந்தது எனக்குக் கேட்டது. சத்தம் ஒன்றும் வரவில்லை. ஹாலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து படுத்தார்.

“என்ன இவ்வளவு இளைத்துப்போயிருக்கிறாள்?” என்றார்.

இன்னும் பஞ்சு வைத்து முடிக்கவில்லை என்றேன்.